கொங்கு நாட்டில் கான்கிரீட் பார்க்கப் போனேன்

படம் எடுக்கக் கொங்கு நாட்டுக்குப் போகிறேன் என்றால் பேரூர் கோயிலா, கூடுதுறையா, மலையா என்றுதான் கேட்கிறார்கள். நான் பார்க்கப் போனது, விடுதலைக்குப் பிறகு வந்த முதல் முப்பது வருடத்தில் அரசாங்கம் கட்டிய கான்கிரீட் கட்டடங்களை. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, குடியிருப்பு, தண்ணீர் டேங்க், அணை. தூணும் பீமும் வெளியே தெரிய, சிங்காரம் ஒன்றும் இல்லாமல் நிற்கிறவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இப்படிப் பூசாத கான்கிரீட்டில் எழுந்த கட்டடங்களைப் புரூட்டலிசம் என்கிறார்கள். ஆர்க்கிடெக்ட் லெ கார்பூசியே பிரான்சின் மார்செய் நகரில் 1952-ல் முடித்த அடுக்குமாடிக் குடியிருப்பு அதற்குப் பெரிய முன்னோடி. நம் சண்டிகரை வரைந்ததும் அவர்தான். அங்கே செயலகமும் சட்டமன்றமும் உயர் நீதிமன்றமும் சேர்ந்த வளாகம் 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பெரிய ஆர்க்கிடெக்ட் யாரும் வரையாமல், துறை இன்ஜினியரும் ஊர்க் கொத்தனாரும் சேர்ந்து கட்டியவை என்ன நிலையில் இருக்கின்றன என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை.

ஜூலை 19, சனி. கோவை

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்கிறது. வெயில் இருக்கிறது, சூடு இல்லை. சிங்காநல்லூரில் நண்பர் வீட்டில் பையை வைத்துவிட்டு அவருடைய பைக்கிலேயே கிளம்பினோம்.

பீளமேடு பக்கம் பழைய மில்களின் ரம்பப்பல் கூரை அங்கங்கே இன்னும் தெரிகிறது. கண்ணாடியெல்லாம் வடக்கு பார்த்து இருக்கும். நேர் வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் சீராக உள்ளே இறங்கும்; அறுந்த இழை கண்ணில் பட அந்த வெளிச்சம்தான் வேண்டும். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகின. வெயிலை எங்கே நிறுத்துவது, வெளிச்சத்தை எங்கே விடுவது என்ற கணக்கு இந்த ஊருக்கு அப்போதே பழகிவிட்டது. பிறகு வந்த அரசுக் கட்டடங்களிலும் அதே புத்தியைப் பார்க்கிறேன்.

நண்பர் கூட்டிப்போனது ஒரு பழைய அரசு ஊழியர் குடியிருப்புக்கு. மூன்று மாடி. பாதி வீடுகள் காலி. கேமராவை வெளியே எடுத்ததுமே வாட்ச்மேன் வந்துவிட்டார். "அளவெடுக்க வந்தீங்களா? எப்பங்க இடிக்கறாங்க?" இதே கேள்வியைப் பயணம் முழுக்கக் கேட்டேன். பழைய அரசுக் கட்டடத்தை ஒருவன் படம் எடுக்கிறான் என்றால் அது இடிக்கப் போவதற்குத்தான் என்று எல்லோருக்கும் பழகியிருக்கிறது. இல்லைங்க, நன்றாக இருக்கிறது, அதனால் எடுக்கிறேன் என்றேன். அவர் கட்டடத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

மாடிப்படி நெடுகச் சிமெண்டு ஜாலி. ஒவ்வொரு கல்லிலும் நான்கு இதழ், நடுவில் ஒரு சதுர ஓட்டை. அச்சில் ஊற்றி எடுத்த கல்தான், ஆனாலும் ஓரம் மழுங்கி ஒன்றுபோல் ஒன்று இல்லை. பத்தரை மணி வெயில் அதன் வழியாகப் படியில் விழுந்து, படிக்குப் படி மடிந்து இறங்கியது. இரண்டாவது மாடியில் முறத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா, "ஏனுங் தம்பி, வெயில்ல நிக்கறீங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டு ஆளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். கணவர் வேலையில் இருந்தபோது வந்த வீடாம். கரண்டு போனாலும் பரவாயில்லை, ஜாலிப் பக்கம் பாயை விரித்தால் போதும் என்றார். "வெயில் வராதுங். காத்து மட்டும் வரும்." புது அபார்ட்மெண்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனால் ஏசி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார முடியவில்லையாம்.

பொழுதோட காந்திபுரத்தில் தள்ளுவண்டிக் காளான் சாப்பிட்டோம். தட்டு 50 ரூபாய். மேலே அவர் தூவிய கொத்தமல்லியைக் காற்று முக்கால்வாசி கொண்டுபோய்விட்டது.

ஜூலை 20, ஞாயிறு. பொள்ளாச்சி, ஆழியாறு

ஞாயிற்றுக்கிழமை ஆழியாற்றில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று நண்பர் முன்பே சொல்லியிருந்தார். வேன் வேனாகக் குடும்பங்கள். பொள்ளாச்சியில் இளநீர் 50 ரூபாய். தென்னைக்கு நடுவே நின்று இவ்வளவு விலையா என்று கேட்டேன். தேங்காய் விலை ஏறியதால் இளநீராக வெட்ட யாருக்கும் மனசு வருவதில்லை என்றார் கடைக்காரர். வழுக்கையைச் சுரண்டித் தேங்காய் ஓட்டிலேயே வைத்துக் கொடுத்தார், அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

பரம்பிக்குளம் ஆழியாறுத் திட்டத்தை 1961-ல் நேரு தொடங்கிவைத்தார். மேற்கே கேரளக் கடலுக்குப் போகிற ஆறுகளை மலைக்குள்ளேயே ஒன்றோடொன்று கோர்த்து, சுரங்கம் வழியாகவும் மலையை ஒட்டிய கால்வாய் வழியாகவும் கிழக்கே மழை குறைந்த பக்கத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்துக்காரரான சி.சுப்பிரமணியம் அப்போது மாநில அமைச்சராக இருந்து அதற்காக உழைத்தார். பல்லடம் வரைக்கும் வயலில் பச்சை தெரிவதற்கு இந்த மலைக்குள் இருக்கும் கான்கிரீட் காரணம். கட்டடக்கலை என்று பேசும்போது இதையெல்லாம் நாம் சேர்ப்பதே இல்லை. இன்ஜினியர் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். மதகுகளை ஏற்றி இறக்கும் மேடையைக் கீழே பூங்காவில் நின்று பாருங்கள். வரிசையான தூண்கள், மேலே ஒரே நீள் கோடு, பின்னால் ஆனைமலை. இதைவிடச் சுத்தமான ஒரு கோட்டை இந்தப் பகுதியில் வேறு எந்தக் கட்டடத்திலும் நான் பார்க்கவில்லை.

அணைமேல் படம் எடுக்கத் தடை. கீழிருந்து எடுக்கலாம் என்று ட்ரைபாடை நிறுத்தினேன், ஒரே காற்றில் சாய்ந்தது. லென்ஸ் தப்பியது, மேலே போட்டிருந்த ஃபில்டர் நட்சத்திரமாக விரிந்துவிட்டது. பக்கத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த அக்கா அடுப்பை விட்டு ஓடி வந்து, "காலுல கல்லைக் கட்டுங்க, இந்தக் காத்துக்கு அதுதான் சரி" என்று ஒரு கருங்கல்லும் சணல் கயிறும் கொடுத்தார். அப்புறம் பயணம் முழுக்க அப்படித்தான் எடுத்தேன்.

ஜூலை 21, திங்கள். உடுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்

இந்தப் பயணத்தில் என்னை உலுக்கிய இடம் இதுதான். ஊர்ப்பெயர் வேண்டாம், அந்தத் தலைமையாசிரியருக்குத் தொந்தரவு வரக்கூடாது. பஸ் ஜன்னல் வழியாகத்தான் கட்டடத்தைப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

நான்கு வகுப்பறை, முன்னால் நீண்ட தாழ்வாரம். தாழ்வாரக் கூரை தூணைத் தாண்டி ஐந்தடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வாசலில் கல்வெட்டு, 1961. காமராசர் காலம். அப்போது கல்வித்துறையில் இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்நின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்சு கொடுத்தார்கள், கட்டடமே கட்டிக்கொடுத்தார்கள். இதுவும் அப்படி எழுந்ததுதான் என்று கல்வெட்டில் இருக்கிறது.

தலைமையாசிரியர் முதலில் தயங்கினார். பிள்ளைகள் முகம் படத்தில் வராது என்று சொன்ன பிறகு சரி என்றார். சத்துணவுக் கூடத்தில் வேலை செய்யும் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "எங்கப்பாரு இதுக்குச் சென்ட்ரிங் அடிச்சவருங்க" என்று ஒரு பையனை அனுப்பினார். அவர் அப்பாரு என்றது தாத்தாவை இல்லை, அவருடைய அப்பாவைத்தான். எண்பது தாண்டியவர், கைத்தடியோடு வந்தார். வந்ததும் என்னை உட்காரச் சொல்லாமல் நேராகத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய்க் கூரையின் அடிப்பக்கத்தைக் காட்டினார்.

சுண்ணாம்பு உரிந்த இடத்தில், கான்கிரீட் ஊற்ற அடித்த சென்ட்ரிங் பலகையின் தடம் அப்படியே இருக்கிறது. ஆறு அங்குலப் பலகை, ஒவ்வொன்றுக்கும் நடுவே மெல்லிய வரம்பு. ஓரிடத்தில் மரக்கணு ஒன்று கான்கிரீட்டில் பதிந்து கண் மாதிரி இருக்கிறது. அவர் அதைத் தடியால் தொட்டு, அந்தப் பலகையில் கணு தள்ளிக்கொண்டிருந்ததாகவும், மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லியும் வேறு பலகை இல்லாததால் அதையே போட்டதாகவும் சொன்னார். அப்போது அவருக்குப் பதினேழு பதினெட்டு வயது. மிக்சர் மெஷின் கிடையாது. தரையில் கொட்டிக் கலந்து, சித்தாள் பெண்கள் வரிசையாக நின்று சட்டி சட்டியாக மேலே கைமாற்றினார்கள். கூரை ஊற்ற ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக்கூடாது. பொழுது சாய்ந்தும் பெட்ரோமாக்ஸ் வைத்து முடித்தார்களாம். பிறகு மூன்று வாரம் சாக்கை நனைத்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றியது ஊர்ப் பிள்ளைகள்.

சிமெண்டு அப்போது கட்டுப்பாட்டில் இருந்த சரக்கு. 1982-ல் பாதியும் 1989-ல் முழுதுமாகத்தான் கட்டுப்பாடு நீங்கியது. கம்பியும் அதே கதை. அதனால் எதையும் கனமாகப் போடவில்லை. ஒவ்வொரு ஸ்லாப்பும் தேவையான அளவுக்கு மட்டும்தான். பீம் தூணுக்கு வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பருத்து, நடுவில் மெலிகிறது. அழகுக்காகச் செய்த மாதிரி இருக்கிறது. ஆனால் கம்பி மிச்சம் பிடிக்க இன்ஜினியர் போட்ட கணக்கு அது. எனக்கு இந்தக் கட்டடங்களைப் பிடிப்பதற்கு முதல் காரணமே இதுதான். இல்லாத காலத்தில், இருப்பதை அளந்து, நேர்மையாகக் கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது காரணத்தைப் பெரியவரே சொன்னார். "கோயலுக்குள்ள எங்க ஆளுகளை உட மாட்டாங்க. டீக்கடைல கிளாசு வேற. இந்தத் தாவாரத்துல எல்லாப் பசங்களும் ஒண்ணாத்தான் உட்கார்ந்தாங்க." அவர் பிள்ளைகள் படித்ததும் இங்கேதான். கொங்கு கிராமத்தில் யார் வேண்டுமானாலும் நிமிர்ந்து உள்ளே நுழையலாம் என்று எழுந்த முதல் கட்டடங்கள் இந்தப் பள்ளிக்கூடமும், ஆஸ்பத்திரியும், பஸ் ஸ்டாண்டும்தான். ஆயிரம் வருடக் கோபுரத்துக்குக் காவல் போடுகிற நாம் இதற்கும் ஒரு பலகை வைக்க வேண்டும். தயக்கமில்லாமல் சொல்கிறேன், இவை நம் நாட்டின் நினைவுச் சின்னங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. மூன்றாவது வகுப்பறையில் கூரையின் ஒரு மூலை பெயர்ந்து கம்பி தெரிகிறது. அந்த அறையைப் பூட்டிவைத்திருக்கிறார்கள். கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் முக்கால் அங்குலம்கூட இல்லை. ஈரம் போய்க் கம்பி துருப்பிடித்தால் துரு உப்பும், உப்பினால் கான்கிரீட் வெடித்து விழும். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். அந்தப் பயத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகள் தலைக்கு மேல் இருக்கும் கூரை அது. ஆனால் துருவைச் சுரண்டி, கம்பிக்கு மருந்தடித்து, புதுக் கலவை பூசினால் பிழைக்கிற கட்டடத்தையும் பிழைக்காத கட்டடத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்தப் பள்ளியில் தூண் ஒன்றில்கூட விரிசல் இல்லை. மேலே மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். வருடா வருடம் ஒரு ஆள் ஏறி இலையை அள்ளியிருந்தால் அந்த மூலை பெயர்ந்திருக்காது.

கிளம்பும்போது சத்துணவு அம்மா அரிசிம்பருப்புச் சாதம் ஒரு தூக்கில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் செய்தது. மேலே நெய், ஒரு சின்ன வெங்காயம். பஸ்ஸில் வைத்துச் சாப்பிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய். தாராபுரம், காங்கேயம், ஈரோடு

காங்கேயம் தாண்டி பஸ் நின்றுவிட்டது. ரேடியேட்டர். கண்டக்டர் மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து வேறு பஸ்ஸில் ஏற்றிவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை வேப்பமரத்தடியில் கம்பங்கூழ், மோர் மிளகாய். சொம்பு 30 ரூபாய்.

வழியெல்லாம் தண்ணீர் டேங்க் எடுத்தேன். குடிநீர் வடிகால் வாரியம் 1971-ல் வந்தது. அதற்குப் பிறகு இந்த வறண்ட காட்டில் ஊருக்கு ஊர் எழுந்தவை. ஆறு கால், இரண்டு இடைவளையம், மேலே கிண்ணம். பழையவற்றில் கிண்ணத்தின் அடி கூம்பாகச் சரிந்து, கால்கள் லேசாக உள்ளே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வுதான் காற்றைத் தாங்குகிறது. புதியவை நெட்டாக நிற்கின்றன, பார்க்கப் பெட்டி மாதிரி. பழையதற்கு விளம்பரப் பெயிண்ட் அடித்திருந்தாலும் வடிவம் மறையவில்லை.

ஈரோட்டில் லாட்ஜ் 900 ரூபாய். இரவு தூறல்.

ஜூலை 23, புதன். பவானிசாகர்

சத்தியமங்கலம் போய் அங்கிருந்து பஸ். கீழ்பவானி அணையை 1948-ல் தொடங்கி 1955-ல் முடித்தார்கள். விடுதலை பெற்ற நாடு கையில் எடுத்த முதல் பெரிய பாசன வேலைகளில் ஒன்று. நீளம் 8 கிலோமீட்டருக்கு மேல். பெரும்பகுதி மண் அணைதான். மதகு இருக்கும் நடுப்பகுதி மட்டும் கட்டுமானம். கொள்ளளவு 32.8 டிஎம்சி. இங்கிருந்து புறப்படும் வாய்க்கால் 200 கிலோமீட்டர் ஓடி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குத் தண்ணீர் தருகிறது. நீர்த்தேக்கத்துக்குள் தணாயக்கன் கோட்டையும் சில ஊர்களும் மூழ்கிக் கிடக்கின்றன. தண்ணீர் மிகவும் வற்றினால் கோயில் தலைகாட்டும்.

காவலுக்கு நின்றவர் மேலே விடவில்லை, ஆனால் மரியாதையாகப் பேசினார். "முன்னெல்லாம் ஆடிப் பதினெட்டுக்கு மேல உடுவாங்க. அன்னைக்கு வந்திருக்கோணும் நீங்க." பூங்காவில் எந்த மூலையில் நின்றால் மதகுகள் முழுதாகத் தெரியும் என்று அவரே காட்டிவிட்டார்.

மீன் கடை வரிசையில் ஜிலேபி மீன் வறுவல், தட்டு 120 ரூபாய். எதிரே உட்கார்ந்திருந்தவர் கோபிப் பக்கத்து விவசாயி. கான்கிரீட் படம் எடுக்க வந்தேன் என்றதும் அவர் முகம் மாறியது. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட அரசாங்கம் 700 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம் போட்டதும், விவசாயிகளே இரண்டு தரப்பாகப் பிரிந்து போராடியதும் எனக்குத் தெரியும். கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் வந்து சேர வேண்டும், அதனால் கான்கிரீட் வேண்டும். வாய்க்காலை ஒட்டிக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு மண் வாய்க்காலில் கசிகிற தண்ணீர்தான் உயிர். இவர் இரண்டாவது தரப்பு. "அணைக்குக் கான்கிரீட்டு வேணுங்க. வாய்க்காலுக்கு எதுக்குங்க? மண்ணு குடிக்கறது வீணாங்க? எங்க கெணத்துக்குத்தான வருது." அரை மணி நேரம் பேசினார், மீன் ஆறிப்போனது. கான்கிரீட் எனக்குப் பிடிக்கும் என்பதற்காக அது எங்கேயும் சரியாகிவிடாது. 1950-களில் கட்டியவர்கள் மதகு இருக்கும் இடத்தில் மட்டும் அதை வைத்து, ஓட வேண்டிய இடத்தை மண்ணாகவே விட்டார்கள். அந்த அளவறிந்த கைதான் அவர் பேச்சிலும் எனக்குக் கேட்டது.

மதகுப் பகுதியை நாலரை மணிக்கு எடுத்தேன். பக்கவாட்டு வெயிலில் சுவரின் ஒவ்வொரு படுகையும் தனித்தனிக் கோடாகத் தெரிந்தது. ஒரு தடவையில் எவ்வளவு உயரம் எழுப்பினார்களோ அதுதான் ஒரு கோடு. எழுபது வருடம் கழித்தும் அன்றைய வேலையை எண்ணிப் பார்க்கலாம்.

ஜூலை 24, வியாழன். சேலம்

பவானியில் இறங்கி ஜமக்காளம் பார்க்க நினைத்தேன், மழை விடவில்லை. நேராகச் சேலம்.

பழைய பஸ் ஸ்டாண்டு இருந்த இடத்தில் இப்போது ஈரடுக்குப் பஸ் நிலையம். 2023-ல் திறந்தது. பஸ் மாடிக்கு ஏறிப்போகிறது, கடைகள் நிறைய, வெளிச்சம் நன்றாக இருக்கிறது. கூட்டம் பெருகிய ஊருக்கு இடம் வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் பழையதை ஒழுங்காக ஒரு அளவு வரைபடமாவது போட்டுவிட்டு இடித்திருக்கலாம். இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரப் பஸ் நிலையம் 1969-ல் கட்டிய பெரிய கான்கிரீட் கட்டடம். 2012-ல் இடிக்க முடிவே செய்துவிட்டார்கள், மக்கள் விடவில்லை, அடுத்த வருடமே பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தார்கள். இன்றைக்கும் அங்கே பஸ் வந்து போகிறது. டெல்லியில் ஆர்க்கிடெக்ட் ராஜ் ரேவாலும் இன்ஜினியர் மகேந்திர ராஜும் 1972-ல் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் என்ற கான்கிரீட் கண்காட்சிக் கூடம் 2017 ஏப்ரலில் ஒரே இரவில் தரைமட்டமானது. கட்டியவர்கள் இரண்டு பேருமே அப்போது உயிரோடு இருந்தார்கள். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நிலையத்துக்கு வெளியே தட்டுவடை செட் 40 ரூபாய். பீட்ரூட், கேரட், பச்சைச் சட்னி, காரச் சட்னி எல்லாம் இரண்டு தட்டுவடைக்கு நடுவே. கடைக்காரரிடம் பழைய ஸ்டாண்டைப் பற்றிக் கேட்டேன். அடுத்த செட்டைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தவர், கையைத் துடைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அவர் அப்பா பூக்கடை வைத்திருந்தது எந்தத் தூணுக்குப் பக்கத்தில், மழை வந்தால் எந்தப் பக்கம் ஒழுகும், ஏற்காடு பஸ் எங்கே நிற்கும் என்று பில் தாளின் பின்பக்கத்தில் படமே போட்டுக் காட்டினார். வீட்டில் போட்டோ இருக்கிறதாம். கல்யாணத்துக்கு, திருப்பதிக்கு, யாரையாவது வழியனுப்ப என்று ஸ்டாண்டில் நின்று எடுத்தவை. ஆட்களுக்குப் பின்னால் கூரையும் தூணும் இருக்கும் என்றார். மூன்று ஆல்பம். தர மாட்டேன், வந்தால் பார்க்கலாம் என்று சொல்லி வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தார். ஆவணி பிறந்ததும் ஸ்கேனரைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.